மூன்றாம் ஓலை

"இருக்கிறாரே!" என்றாள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்மணி.

தேவநேசன் எதிர்பார்த்தது அந்தப் பதில் இல்லை. டல்லாஸ் பக்கத்து ஆலனிலிருந்து ஒரு மணி நேரம் காரோட்டி, அந்தக் கவுண்டி ஜெயில் வாசலில் பார்க்கிங் கிடைக்காமல் சுற்றி, பெல்ட்டைக் கழற்றி, சில்லறையைத் தட்டில் கொட்டி உள்ளே வந்தது, "அப்படி ஒரு ஆள் இங்கே கிடையாது" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகத்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இவளுக்கு என்ன கேடு?

"இன்னொரு தடவை பாருங்கள். கிதியோன் செல்வராஜ்."

"அதைத்தான் பார்க்கிறேன். பிறந்த தேதி சரியாக இருக்கிறது. நீங்கள் சொன்ன அதே அபார்ட்மெண்ட்."

கிதியோன் அவருடைய வருங்கால மருமகன். மகள் ரெபெக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். நாசரேத் பக்கத்துப் பையன், கம்ப்யூட்டர் கன்சல்டன்ட். தேவநேசன் அவனுடைய விசா, படிப்பு, அப்பா எந்தச் சேகரத்துச் சபை, அம்மா வழியில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்பது வரைக்கும் கேட்டுவிட்டார். எந்த ஆபீஸ் என்று மட்டும் கேட்கவில்லை. கன்சல்டன்ட் பையன்களிடம் அதை யாரும் கேட்பதில்லை. கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்வதற்குள் வேறு ஆபீஸுக்குப் போய்விடுவார்கள்.

எல்லாம் மச்சினனால் வந்த வினை. மனைவி ஜெயலீலாவின் அண்ணன் பாளையங்கோட்டையிலிருந்து ஃபோன் போட்டு, "பையனை நல்லா விசாரிச்சீரா மாப்ள? அமெரிக்காவுல எவன் யாருன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அவர் கொண்டுவந்த வரனை ரெபெக்கா வேண்டாமென்று சொன்ன எரிச்சல் அவருக்கு. கேட்டவுடன் தேவநேசனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. டெலிகாம் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினீயராக இருந்து, ஒரு ஸ்க்ரூவைக்கூடச் சோதிக்காமல் வெளியே விடாத மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது?

ஆபீஸில் பக்கத்து சீட் டெக்ஸஸ்காரன்தான் வழி சொன்னான். "ஜெயில் பதிவெல்லாம் பொதுவானது. யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். பெயரும் பிறந்த தேதியும் போதும்." தேவநேசனுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. சுத்தமான பையன் என்று சர்க்கார் வாயாலேயே சொல்ல வைத்து, அதை மச்சினனுக்கு ஃபாக்ஸில் அனுப்பி, அந்த மூஞ்சி எப்படிப் போகிறது என்று மனக்கண்ணில் பார்த்து ரசித்துக்கொண்டேதான் வந்தார்.

"என்ன குற்றம்?" என்று கேட்டார்.

"கால்நடைத் திருட்டு."

"என்னது?"

"மாடு," என்றாள் அவள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி. "அப்புறம் தீ வைத்தல். அப்புறம் குடித்துவிட்டு வண்டி ஓட்டியது."

"எப்போது விட்டீர்கள்?"

"விட்டதாக இல்லையே. உள்ளேதான் இருக்கிறார்."

"நேற்று என் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டான்!"

அவள் தோளைக் குலுக்கினாள். பகலில் வெளியே விட்டு ராத்திரியில் அடைக்கிற ஆட்களும் உண்டு, வேலைக்குப் போய்விட்டு வந்து படுத்துக்கொள்வார்கள், அப்படி இருக்கும் என்றாள். போட்டோ கேட்டார். போட்டோ இல்லை. ஒரு பிரின்ட் எடுத்து நீட்டிவிட்டு, "அடுத்தது!" என்று கத்தினாள்.

தேவநேசனுக்குக் கோபம் வந்தது. சாதாரணமாகவே அவருக்குக் கோபம் வரும். டோல் கேட்டில் வரும், ஆறிப்போன காப்பியில் வரும், சபையில் யாராவது பாட்டைச் சுருதி தப்பிப் பாடினால் வரும். ஆனால் இது வேறு. பெல்ட்டை மாட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார். எத்தனை பையன்களை ரெபெக்கா வேண்டாமென்று சொல்லியிருப்பாள்! அவளுக்குப் பார்மஸியில் வேலை, சொந்தக் கார், யாரைக் காட்டினாலும் "நோ தேங்க்ஸ் டாடி." இந்த ஒருவனைப் பார்த்த பிறகுதான் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இவர் ஓகேப்பா" என்றாள். அன்றைக்கு டாடி மறைந்து அப்பா வந்ததில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளைக்கா இப்படி ஒருத்தன்?

வீட்டுக் கதவைத் திறந்ததும் திறக்காததுமாகக் கத்தினார். "லீலா! உன் மருமவன் மாடு திருடியிருக்கான்!"

"எந்த மருமவன்?"

"எத்தனை மருமவன் வச்சிருக்கே நீ?"

ஜெயலீலா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எப்படிங்க? அந்தத் தம்பி மாட்டுக்கறிகூடத் தொடாதே."

"திங்கதுக்கா திருடுவான்? விக்கதுக்குத் திருடியிருப்பான்!"

"ஒரு வார்த்தை அவர்கிட்டயே கேட்டுட்டா என்ன?"

"கேட்டா சொல்லுவானாட்டி? 'ஆமா அங்கிள், நான் தெனமும் ராத்திரி ஜெயிலுக்குத்தான் போறேன்'னு சொல்லுவானா?"

முதல் ஓலை போன ஞாயிறே வாசித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சபையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். டல்லாஸில் மத்தியான நேரத்தில் ஒரு வெள்ளைக்காரச் சர்ச்சை வாடகைக்கு எடுத்து நடக்கிற தமிழ்ச் சபையிலும் பாஸ்டர் பாக்கியநாதன் இந்த வழக்கத்தை விடவில்லை. இரண்டு ஓலை பாக்கி. அதற்குள் பையனை அவனாகவே ஒதுங்க வைத்துவிட வேண்டும். ரெபெக்கா காதுக்கு ஜெயில், மாடு எதுவும் போகக் கூடாது. இதுதான் தேவநேசன் போட்ட திட்டம். கோபத்தில் போடுகிற திட்டம் எந்த லட்சணத்தில் இருக்குமோ அந்த லட்சணத்தில் இருந்தது.

அவனை டின்னருக்குக் கூப்பிட்டார்.

கிதியோன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். ஜெயிலில் இஸ்திரிகூடப் போட்டுத் தருகிறார்களா என்று தேவநேசன் பல்லைக் கடித்தார்.

"மனுஷன்னா தப்பு பண்ணுவான்," என்று ஆரம்பித்தார். "பண்ணினதை ஒளிக்கத்தான் கூடாது. என்ன சொல்லுதே?"

"கரெக்ட் அங்கிள்," என்றான் கிதியோன், சொதி ஊற்றிக்கொண்டே.

"நீ இப்ப இருக்கிற இடத்துல சாப்பாடெல்லாம் எப்படி?"

"சைட்லயா? ரொம்ப சுமார் அங்கிள். எப்பப் பாத்தாலும் பீன்ஸ்தான்."

"இன்னும் எத்தனை மாசம்?"

"ஆறு மாசம் எக்ஸ்டெண்ட் பண்ணுவாங்க போல."

தேவநேசனுக்குப் புரையேறிற்று. ஜெயலீலா தலையில் தட்டினாள். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டார். "நீ ஒழுங்கா நடந்துக்கிட்டா சீக்கிரம் விட மாட்டாங்களா?"

"ஒழுங்கா வேலை பார்த்தாத்தான் அங்கிள் விடவே மாட்டாங்க. சொதப்புறவனை அடுத்த நாளே வெளியே அனுப்பிடுவாங்க."

என்ன நெஞ்சழுத்தம்! பெண்ணைப் பெற்றவன் முன்னால் உட்கார்ந்து, மூன்றாவது இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே பேசுகிற பேச்சைப் பார்! தேவநேசன் வாயைத் திறப்பதற்குள் அவன் வாட்சைப் பார்த்துத் துள்ளி எழுந்தான். "சாரி ஆன்ட்டி, ஒன்பது மணிக்குள்ள நான் அங்க இருக்கணும்."

ரெபெக்கா ஓடிப்போய் மிச்சமிருந்த இடியாப்பத்தை டப்பாவில் போட்டு, சொதியைத் தனியாக மூடி, பேப்பர் டவலில் சுற்றிக் கொடுத்தாள். "பீன்ஸ் சாப்பிடாதீங்க, இதைச் சாப்பிடுங்க," என்றாள். வாசலில் கார் மறையும் வரை நின்றாள். தன் மகள் ஒரு கைதிக்குச் சோறு கட்டிக் கொடுப்பதைத் தேவநேசன் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கு ஜெபம் ஒண்ணுதாங்க வழி," என்றாள் ஜெயலீலா.

"பண்ணு. வாயை மூடிக்கிட்டு மனசுக்குள்ள பண்ணு."

ஜெயலீலா வாயை மூடித்தான் வைத்திருந்தாள், ஒரு நாள் வரை. அப்புறம் சபையில் கூட இருக்கிற டெய்சி ஆன்ட்டிக்கு ஃபோன் செய்து, பெயர் எதுவும் சொல்லாமல், "எங்களுக்கு வேண்டிய ஒருத்தர் ஜெயில் சங்கடத்துல இருக்காங்க, ஜெபக் குறிப்புல சேர்த்துக்கிடுங்க" என்றாள். பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பைப் போல வேகமாகப் பரவுகிற வியாதி உலகத்தில் இல்லை. டெய்சி ஆன்ட்டி இரண்டு பேருக்குச் சொன்னாள். அதில் ஒருத்தியின் புருஷன், "அப்படியா? நம்ம தேவநேசன் அண்ணனை அன்னைக்குக் கவுண்டி ஜெயில் வாசல்ல பார்த்தேனே, பெல்ட்டு மாட்டிக்கிட்டு வெளியே வந்தாரே!" என்றான். முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் தேவநேசன் வீட்டு முறை. வந்தவர்களெல்லாம் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார்கள். ஆண்கள் அவர் கையைப் பிடித்து ரொம்ப நேரம் விடாமல் வைத்திருந்தார்கள். பெண்கள் ஜெயலீலாவைக் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் ஜெபத்தில், "இந்த வீட்டுத் தலைவனைத் தாங்கும் ஆண்டவரே" என்று மூன்று முறை சொன்னார். தேவநேசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன் என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் கிதியோன் முழங்கால் போட்டான். மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வந்தானாம். "சிறைப்பட்டவர்களை நினைத்தருளும் தேவனே! வெளியிலே சொல்ல முடியாத வேதனையிலே இருக்கிறவர்களுக்கு விடுதலை தாரும்!" என்று குரல் தழுதழுக்க ஜெபித்தான். கண்ணிலிருந்து தண்ணீரே வந்தது. கூட்டம் மொத்தமும் ஆமென் என்றது.

திருட்டுப் பயல்! தனக்குத் தானே ஜெபம் பண்ணி, ஊரையும் ஆமென் சொல்ல வைக்கிறான்! தேவநேசன் பைபிளைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயின.

டீ குடிக்கும்போது பாஸ்டர் அவரை கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "பிரதர், மன்னிக்க முடியாத பாவம்னு ஒண்ணு கிடையாது."

"அதை அந்தப் பயகிட்ட சொல்லுங்க பாஸ்டர்!"

"எந்தப் பையன்?"

தேவநேசன் பதில் சொல்லுமுன் கராஜ் கதவு திறந்தது. கிதியோன். டீக் கப்பைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அங்கிள், எனக்கு எல்லாம் தெரியும். எல்லாரும் பேசிக்கிறாங்க. உங்க மேல என்ன கேஸ் இருந்தாலும் பரவாயில்ல, எனக்கு அதைப் பத்திக் கவலை இல்ல. ரெபெக்காவைக் கட்டிக்கிறதுல ஒரு மாற்றமும் கிடையாது."

"எனக்கு கேஸா? எனக்கா?"

"கோபப்படாதீங்க அங்கிள். உங்க ஹெல்த்துக்கு நல்லதில்ல."

மாடு திருடின பயல் தன்னை மன்னிக்கிறான்! தேவநேசன் கையை உதறிக்கொண்டு போய்க் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். இரண்டு பேரும் வெளியே நின்று அவருக்காக ஜெபித்தார்கள்.

இரண்டாம் ஓலையும் வாசித்தாகிவிட்டது. அன்றைக்கு எழுந்து சொல்லிவிடலாம் என்றுதான் போனார். ஆனால் பெஞ்சில் பக்கத்தில் ரெபெக்கா உட்கார்ந்து, தன் பெயரைப் பாஸ்டர் வாசிக்கும்போது அப்பாவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். எழுந்திருக்க முடியவில்லை. வெளியே வந்து தன்மீதே கோபப்பட்டார்.

இன்னும் பலமான ஆதாரம் வேண்டும் என்று தோன்றிற்று. மறுநாளே ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு மறுபடி ஜெயிலுக்குப் போனார். கிதியோனோடு ஒரே அபார்ட்மெண்டில் சந்தானம், கஸ்தூரிரங்கன் என்று இரண்டு பையன்கள் இருந்தார்கள். கூட்டாளி எப்படியோ ஆள் அப்படி என்று கணக்குப் போட்டுக்கொண்டு அந்தப் பெயர்களையும் அபார்ட்மெண்ட் முகவரியையும் கொடுத்தார்.

"நீங்களா மறுபடியும்?" என்று கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்த பெண்மணி விசிலடித்தாள். "இருவருமே உள்ளே. சந்தானம், கள்ளக் கையெழுத்து. மற்றவர்..." திரையில் கண்ணை இடுக்கினாள். "பொது இடத்தில் உடையில்லாமல் திரிந்தது."

கஸ்தூரிரங்கனா! குளித்து நெற்றிக்கு இட்டுக்கொள்ளாமல் ஃபோனைக்கூட எடுக்காத பையனா!

"மூன்று பேரும் ஒரே முகவரி. இது கும்பல் ஐயா," என்றாள் அவள். "உங்களுக்கு இவர்கள் என்ன வேண்டும்?"

"ஒருத்தன் என் மருமகன்."

அவள் முதல்முறையாக அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "அடுத்தது" என்று கத்தவில்லை. அந்த இரக்கம்தான் தேவநேசனைக் கொன்றுபோட்டது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பாஸ்டருக்கு ஃபோன் போட்டார்.

"பாஸ்டர், மூணாவது ஓலை வாசிக்கக் கூடாது."

"நினைச்சேன் பிரதர், இப்படித்தான் கேப்பீங்கன்னு. 'என் குடும்பத்துக்குத் தகுதியில்லே'ன்னு உங்களுக்குத் தோணும். அது சத்துருவோட குரல்."

"என் குடும்பம் இல்ல பாஸ்டர், அந்தப் பையன்..."

"அந்தப் பையன் எல்லாத்தையும் மன்னிச்சுட்டாரே! தங்கமான பிள்ளை! நீங்க பண்ணினதுக்கு மகளைத் தண்டிக்காதீங்க."

"நான் என்னவே பண்ணினேன்? நான் சொல்லுததைக் கேளும்!"

"விவரம் வேண்டாம் பிரதர். கர்த்தருக்குத் தெரியும், எனக்கு அது போதும்," என்று பாஸ்டர் ஃபோனை வைத்துவிட்டார். திரும்பத் திரும்ப அடித்ததற்கு மெஷின்தான் பேசிற்று.

அந்த வாரம் முழுக்கத் தேவநேசன் வீட்டில் கதவுகள் சாத்தப்பட்ட சத்தமே பேச்சு. சனிக்கிழமை ரெபெக்கா மாடியில் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அந்தப் பிள்ளை பாடி அவர் கேட்டதே இல்லை. படிக்கட்டில் நின்று கேட்டார். நாளைக்கு அந்தப் பாட்டை நிறுத்தப்போவது தான்தான் என்று தெரிந்தது. நிறுத்தாவிட்டால் பின்னால் ஆயுசு முழுக்க அழுவாளே! அவளுக்கு நல்லது செய்ய வேறு யார் இருக்கிறார்கள்? பாஸ்டரா? டெய்சி ஆன்ட்டியா? எல்லாரும் சேர்ந்து நாசமாய்ப் போகட்டும் என்று காகிதங்களை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. மூன்றாம் ஓலை ஆனதும் கீழே ஹாலில் பிரியாணி என்பதால், ஓலைக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட வந்திருந்தார்கள். கடைசிப் பெஞ்சில் சந்தானமும் கஸ்தூரிரங்கனும், எப்போது எழுந்திருப்பது எப்போது உட்காருவது என்று தெரியாமல் முன் வரிசைக்காரரைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார்கள்.

பாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "செல்வராஜ் குமாரன் கிதியோனும், தேவநேசன் குமாரத்தி ரெபெக்காவும் விவாகம் செய்ய விரும்புகிறார்கள். இது மூன்றாம் ஓலை. இதற்குத் தடை அறிந்தவர் யாராவது உண்டானால்..."

"உண்டு!"

பாஸ்டர் நிமிர்ந்தார். அவர் ஊழியத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் வந்தது அன்றைக்குத்தான். வந்ததும் பெண்ணின் தகப்பனிடமிருந்து.

"அப்பா, உக்காருங்க," என்று ரெபெக்கா கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"மாட்டேன். இவ்வளவு நாள் உக்காந்ததே தப்பு." தேவநேசன் காகிதத்தை விரித்து உயரத் தூக்கினார். "ஏன் எல்லாரும் என்னை அப்படிப் பாக்கீங்க? ஜெயில்ல இருக்கது நானா? நான் போனது இவனை விசாரிக்க! இந்தா, கவுண்டி ஜெயில்ல குடுத்த ரெக்கார்டு! மாட்டுத் திருட்டு! தீ வைச்சது! குடிச்சுட்டு வண்டி ஓட்டினது! பகல்ல வெளியே வந்து என் வீட்டுல மீன் குழம்பு திங்கான், ராத்திரி ஒன்பது மணிக்கு ஜெயிலுக்குப் போறான்! நீங்க எல்லாரும் இவனோட சேர்ந்து ஆமென் சொல்லுதீங்க!"

டெய்சி ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயலீலா கண்ணை மூடிக்கொண்டாள். ரெபெக்கா அவர் கோட்டை விட்டுவிட்டு மெல்லத் திரும்பிக் கிதியோனைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றான். காது வரைக்கும் சிவந்திருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"பாத்தீங்களா, பேச்சு வருதா? வராது! இவன் மட்டும் இல்ல, அந்தா கடைசிப் பெஞ்சுல உக்காந்திருக்காங்க பாருங்க, இவன் கூட்டாளிங்க. ஒருத்தன் கள்ளக் கையெழுத்து. இன்னொருத்தன் பண்ணினதைச் சர்ச்சுக்குள்ள சொல்ல முடியாது! மூணு பேரும் ஒரே ஜெயில்! எழுந்திருலே! இல்லைன்னு சொல்லுங்கலே பாப்போம்!"

சபை முழுவதும் பின்னால் திரும்பிற்று. கஸ்தூரிரங்கன் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தான். சந்தானம் மட்டும், சர்ச்சில் நடுவில் பேசலாமா கூடாதா என்று ஒரு கணம் தயங்கிவிட்டு, ஸ்கூலில் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டே எழுந்தான்.

"அங்கிள், ராத்திரி ஷிப்ட்ல அந்த ஜெயிலுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுறதே இவன்தான், டெஸ்ட் பண்றதுக்காக தன் பேரையும் எங்க பேரையும் உள்ள போட்டவன் அழிக்க மறந்துட்டான் போல, உங்க பேரையும் போடுடான்னு நாங்க எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், மாமனாரை விளையாட்டுக்குக்கூட ஜெயில்ல போட மாட்டேன்னு சண்டைக்கே வந்துட்டான் அங்கிள்."